இரவுக்கு யார் பொறுப்பு? உடும்பஞ்சோலை மலைகளில் கூடாரம் அடிப்பவர்களுக்கு

போடிநாயக்கனூருக்கு 2023 ஜூனில் மறுபடியும் ரயில் வந்தது. போடிமெட்டிலிருந்து மூணாறு வரையிலான தேசிய நெடுஞ்சாலை அகலமாகி 2024 தொடக்கத்தில் திறக்கப்பட்டது. இந்த இரண்டும் சேர்ந்து, தமிழ்நாட்டின் சமவெளிக்கும் உடும்பஞ்சோலை மலைகளுக்கும் இடையே இருந்த தொலைவைச் சுருக்கிவிட்டன. வெள்ளிக்கிழமை இரவு சென்னையில் ஏறினால் சனிக்கிழமை மாலை சூரியநெல்லியிலோ சதுரங்கப்பாறையிலோ கூடாரத்துக்குள் காலை நீட்டலாம். மதுரை, திருப்பூர், கோவைப் பதிவெண் கொண்ட கார்களும் பைக்குகளும் வார இறுதிகளில் மலை ஏறுவது இப்போது வாடிக்கையாகிவிட்டது. வருபவர்களில் கணிசமானோர் அறை கேட்பதில்லை. ‘டென்ட் ஸ்டே’ கேட்கிறார்கள். ஓர் இரவு, சாப்பாடு, நெருப்பைச் சுற்றிப் பாட்டு, விடியற்காலையில் ஜீப்பில் ஏறிச் சூரிய உதயம். இதுதான் வழக்கமான தொகுப்பு.

இந்தத் தேவை தவறானதல்ல. மலையில் ஓர் இரவு தங்கியவர்களுக்குத்தான் மலையைக் கொஞ்சமாவது தெரியும். ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் விதத்தில்தான் கோளாறு இருக்கிறது. படத்தைப் பார்த்து, காட்சியைப் பார்த்து, விலையைப் பார்த்துத் தேர்கிறோம். இவை மூன்றும் பகல் வேளைக்கான அளவுகோல்கள். முகாம் என்பது இரவு விவகாரம். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த இடத்தில் இரவுக்கு யார் பொறுப்பு? தீ, யானை, மழை, நிலச்சட்டம், மருத்துவம், ரசனை என்று எந்த வழியாகப் போனாலும் இந்த மலைகளில் அந்த ஒரு கேள்விக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது.

எப்படிப்பட்ட நிலம்

கேரளத்தின் இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26 அன்று உருவானபோது, கோட்டயத்திலிருந்து அதனுடன் வந்த வட்டங்களில் உடும்பஞ்சோலையும் ஒன்று. வட்டத் தலைமையிடம் நெடுங்கண்டம். கிழக்கு விளிம்பு செங்குத்தாகத் தேனி மாவட்டத்துக்குள் இறங்குகிறது. அந்த விளிம்பில்தான் போடிமெட்டு, சதுரங்கப்பாறை, ராமக்கல்மேடு, கம்பம்மெட்டு எல்லாம் வரிசையாக இருக்கின்றன. கீழே கம்பம் பள்ளத்தாக்கு. 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் நீரால் செழிக்கும் நெல்வயல்களும் திராட்சைப் பந்தல்களும் அங்கே தெரியும். மேற்கே சாந்தன்பாறை, பூப்பாறை, ஆனையிரங்கல் நீர்த்தேக்கம், சின்னக்கானல்.

இடைப்பட்ட நிலத்தின் பெரும்பகுதி ஏலக்காடு. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும் என்பதால் பெரிய மரங்களை விட்டுவைத்து, அடியில் செடியை நட்டிருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வருபவருக்கு ஏலத்தோட்டம் எது, காடு எது என்று பிரித்துப் பார்ப்பது கடினம். யானைக்கும் அந்த வித்தியாசம் கிடையாது. பூப்பாறைப் பகுதியில் 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மதிகெட்டான் சோலையின் பரப்பு வெறும் 12.82 சதுர கிலோமீட்டர். ஒரு யானைக் கூட்டத்துக்கு அது போதவே போதாது. ஆகவே அவை சோலைக்கும் ஆனையிரங்கல் நீர்க்கரைக்கும் சின்னக்கானல் புல்வெளிக்கும் இடையில் நடந்துகொண்டே இருக்கும். அந்த நடையின் நடுவில்தான் தோட்டங்களும் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களும் ரிசார்ட்டுகளும் கூடாரங்களும் இருக்கின்றன.

இன்னொரு சிக்கல் எல்லை. கொழுக்குமலை 7,000 அடிக்கு மேல் இருக்கும் தேயிலைத் தோட்டம். அங்கே கூடார முகாம்கள் பெயர் பெற்றவை. நிலம் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் ஜீப் போகும் வழி கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்துதான். தமிழ்நாட்டுப் பக்கம் குரங்கணியிலிருந்து வருவது காட்டு நடைபாதை. நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் எந்த மாநிலத்து ஆம்புலன்ஸை, எந்தக் காவல் நிலையத்தை அழைப்பது? இதற்கு உடனே பதில் சொல்லத் தெரியாத முகாம் நடத்துநரிடம் தங்கக் கூடாது.

மூன்று வகை முகாம்கள்

இந்த மலைத்தொடரில் கிடைக்கும் முகாம்களை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, வனத்துறையும் அதன் சார்பு நிறுவனங்களும் நடத்துபவை. இரண்டாவது, தோட்ட நிலங்களில் தனியார் நடத்துபவை. மூன்றாவது, யாரிடமும் கேட்காமல் கிடைத்த இடத்தில் கூடாரத்தை விரிப்பது.

முதல் வகைக்கு அருகிலுள்ள உதாரணம் மீசைப்புலிமலை. 2,640 மீட்டர் உயரமுள்ள இந்தச் சிகரத்துக்குக் கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் அனுமதியோடுதான் போக முடியும். அடிவாரத்தில் கூடார முகாம், மேலே ரோடோ மேன்ஷன் என்ற தங்குமிடம், கூடவே கழகத்தின் வழிகாட்டி. பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்தில், ஆனப்பாடியில் வனத்துறையின் நிலைக்கூடாரங்கள் இருக்கின்றன. கேரளத்தில் இருந்தாலும் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் அங்கே போக வேண்டும். குழந்தைகளோடு முதன்முறையாகக் காட்டில் தங்க நினைக்கும் குடும்பத்துக்கு அது நல்ல தொடக்கம். உடுமலைப்பேட்டை–மறையூர் சாலையில் உள்ள சின்னார் சரணாலயத்திலும் மரவீடுகள், மரக்குடில்கள் உண்டு. அங்கே வழிகாட்டிகள் உள்ளூர்ப் பழங்குடியினர்.

இவை எல்லாவற்றிலும் படிக்கத் தகுந்த மாதிரி தேக்கடியில் இருக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்தில் 1990-களின் இறுதியில் தொடங்கிய ‘டைகர் டிரெயில்’ என்ற நடைப்பயணத்தில், வழிகாட்டிகளாக வருபவர்கள் ஒருகாலத்தில் அதே காட்டில் வேட்டையாடியவர்கள், வயணமரத்தின் (காட்டு இலவங்கம்) பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள். அவர்கள்மீது இருந்த வழக்குகளோடு மல்லுக்கட்டுவதைவிட, காட்டைக் காக்கும் வேலையை அவர்களுக்கே கொடுத்துவிடலாம் என்று வனத்துறை முடிவெடுத்தது. ஒரு நடைக்கு ஐந்தாறு விருந்தினருக்கு மேல் சேர்ப்பதில்லை. அவர்களுக்கு இணையான எண்ணிக்கையில் வழிகாட்டிகள், துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். காட்டுக்குள் கூடாரம் அடித்து ஓரிரு இரவு தங்கலாம். இரவில் முறைவைத்து யாராவது விழித்திருப்பார்கள். பயணிகள் கொடுக்கும் கட்டணத்தின் ஒரு பகுதி அந்தக் குழுவின் வருமானமாகிறது. நடையே ரோந்தாகவும் ஆகிறது. விருந்தினருக்குச் சம எண்ணிக்கையில் பொறுப்பாளர்கள் என்ற இந்தக் கணக்கை மற்ற முகாம்களை எடைபோடும் படிக்கல்லாக வைத்துக்கொள்ளலாம். நாற்பது கூடாரத்துக்கு இரண்டு பையன்கள் என்று நடக்கும் இடங்களின் குறை அப்போது தானாகத் தெரியும்.

இரண்டாம் வகையில் நல்லதும் உண்டு, மோசமும் உண்டு. உடும்பஞ்சோலையில் பெரும்பாலோர் தங்குவது இவற்றில்தான் என்பதால் கட்டுரையின் மீதி பெரிதும் இவற்றைப் பற்றியது. மூன்றாம் வகையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதே குற்றம்; அங்கே இரவு தங்குவதும் நெருப்பு மூட்டுவதும் அதைவிடப் பெரிய குற்றம்.

தீ

2018 மார்ச் 11. கொழுக்குமலைப் பக்கமிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த இரண்டு மலையேற்றக் குழுக்கள் காட்டுத் தீயில் சிக்கின. ஒரு குழு சென்னையிலிருந்து வந்தது, மற்றொன்று ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்து. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள்; பெண்கள் பலர். வறண்ட பருவத்தில் ஆளுயரத்துக்கு வளர்ந்து காய்ந்து நின்ற புல்லும், கீழிருந்து மேலே அடித்த காற்றும் தீயைச் சரிவில் ஓடவிட்டன. தீ சமதளத்தைவிடச் சரிவில் வேகமாக ஏறும். சரிவு பத்து பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. மேலே ஏறித் தப்பலாம் என்று ஓடுபவரைத் தீ முந்திவிடும் என்பதற்கு இதுவே காரணம்.

அந்த விபத்துக்குப் பின் நடந்த விவாதத்தில் யார் எந்த வழிக்கு அனுமதி வாங்கினார்கள், யார் அதை மீறினார்கள் என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. அனுமதி ஒரு வழிக்கு, நடந்தது வேறு வழியில் என்று அரசுத் தரப்பு சொன்னது. விசாரணைக்குப் பிறகு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளை 2018-இலேயே கொண்டுவந்தது. பின்னர் 2024 அக்டோபரில் ‘டிரெக் தமிழ்நாடு’ என்ற திட்டம் 40 வழித்தடங்களோடு தொடங்கியது. இணையத்தில் முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள், நாளுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு. குரங்கணி–சாம்பலாறு வழியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. தீக்காலத்தில் வழித்தடங்களை மூடிவிடுகிறார்கள்.

கூடாரம் தேர்பவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. பிப்ரவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை, புல்சரிவின் மேல் விளிம்பில் இருக்கும் முகாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அந்த மாதங்களில் போயே ஆக வேண்டுமென்றால் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே, வெட்டவெளி சூழ, வண்டி வந்து நிற்கும் இடமாகப் பாருங்கள். பச்சைத் தேயிலை எளிதில் பற்றாது. இரண்டாவது, ‘கேம்ப் ஃபயர்’ என்பது தொகுப்பில் சேர்ந்த உரிமை என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். மார்ச் மாதத்தில் நெருப்பு கிடையாது என்று சொல்லும் நடத்துநர் உங்களை ஏமாற்றவில்லை. அவருக்குத் தொழில் தெரிந்திருக்கிறது.

யானை

பொதுவான முகாம் கையேடுகள் என்ன சொல்லும்? சமதளமான புல்தரை, பக்கத்தில் தண்ணீர், மேலே மர நிழல். சின்னக்கானலிலோ பூப்பாறையிலோ இந்த மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் பெரும்பாலும் யானைத்தடம். ஓடைக்கரைப் புல்தரை யானைக்கும் அதே காரணத்துக்காகப் பிடிக்கும். ஆகவே இங்கே அந்த அறிவுரையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். தண்ணீரிலிருந்து தள்ளி, ஏறிப்போக மேடாக, வாழையும் பலாவும் இல்லாத இடம் பாதுகாப்பானது.

இந்த ஊரின் யானைகளைத் தமிழ் வாசகர்களுக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பன் 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடிக்கப்பட்டான். பெரியாறு காப்பகத்தில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள், மே 27 அன்று, கம்பம் நகரத் தெருக்களில் ஓடினான். ஜூன் 5-ஆம் தேதி தமிழ்நாடு வனத்துறை மறுபடியும் பிடித்துக் களக்காடு–முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனது. ஒரு யானையை இடம் மாற்றினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைத்தவர்களுக்கு அது ஒரு பாடம். அதே ஆண்டு ஜனவரியில், யானைகளைக் குரல் கொடுத்து விரட்டுவதில் பெயர் பெற்றிருந்த வனத்துறை வாட்சர் ஒருவரே சின்னக்கானல் பகுதியில் யானையால் கொல்லப்பட்டார். அவ்வளவு அனுபவம் உள்ளவருக்கே அந்த நிலை என்றால், டார்ச் அடித்துக்கொண்டு கழிப்பறை தேடும் விருந்தினரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

வயநாட்டின் மேப்பாடியில் 2021 ஜனவரியில் நடந்தது ஏறக்குறைய அதுதான். தனியார் விடுதியின் கூடார முகாமில் தங்கியிருந்த இளம் ஆசிரியை ஒருவர் இரவில் வெளியே வந்தபோது யானை தாக்கி இறந்தார். மாவட்ட நிர்வாகம் விடுதியை மூட உத்தரவிட்டது. அதற்குப் பிறகுதான் கேரளத்தில் கூடார முகாம்களின் உரிமம் குறித்த கேள்வி தீவிரமாக எழுந்தது. சாகசச் சுற்றுலா நடத்துநர்களைப் பாதுகாப்பு நெறிகளின்கீழ் பதிவு செய்யும் முறை மாநிலத்தில் இருக்கிறது. பதிவு இருக்கிறதா என்று கேட்பது விருந்தினரின் உரிமை.

கழிப்பறை எங்கே இருக்கிறது என்பது அற்பமான கேள்வியாகத் தோன்றலாம். இந்த மலையில் அது உயிர்நாடியான கேள்வி. கூடாரத்திலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழி வெளிச்சமாக, வேலிக்குள் இருக்க வேண்டும். சோலார் மின்வேலி போட்டிருப்பதாகச் சொன்னால், அது இரவில் இயங்குகிறதா, செடி கொடி படர்ந்து கசிவு இல்லாமல் இருக்கிறதா என்று நடத்துநரையே காட்டச் சொல்லலாம். கூடாரத்துக்குள் வாழைப்பழம், உப்பு, சர்க்கரை, அரிசிப் பண்டம் எதுவும் வேண்டாம். சாப்பாட்டு மிச்சத்தைப் பின்பக்கம் கொட்டும் முகாமில் அடுத்த நாள் வருவது பன்றி. அதற்கடுத்து என்ன வரும் என்று சொல்ல முடியாது.

இந்த விஷயத்தில் அண்டை மலையான வால்பாறையிடம் கற்க வேண்டியது நிறைய. அங்கே இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஆய்வாளர்கள், வனத்துறை, தோட்ட நிறுவனங்கள் சேர்ந்து ஓர் எச்சரிக்கை முறையைக் கட்டினார்கள். யானைக் கூட்டம் எங்கே நிற்கிறது என்று மாலையில் தொழிலாளர்களின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போகும். உள்ளூர்த் தொலைக்காட்சியின் கீழ்வரியில் ஓடும். மேடான இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும். விளக்கெரிந்தால் அந்தப் பக்கம் நடமாடக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே நடந்த உயிரிழப்புகளில் பெரும்பாலானவை யானை இருப்பது தெரியாமல் எதிர்ப்பட்டதால் ஏற்பட்டவை என்பதைக் கண்டறிந்து, தகவலையே மருந்தாக்கினார்கள். ஒரு முகாம் நடத்துநர் அன்று மாலை வாட்சரிடம் பேசினாரா, யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்துவைத்திருக்கிறாரா? இதற்கு ‘தெரியாது, ஆனால் இங்கெல்லாம் வராது’ என்ற பதில் வந்தால் வண்டியைத் திருப்பிவிடலாம்.

மழை, சரிவு, காற்று

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் மாலை வேளைகளில் இடியோடு வடகிழக்கு மழை. 2020 ஆகஸ்ட் 6 இரவில் மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்ட லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழ்க் கூலிக் குடும்பத்தினர். அவர்கள் இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். கொடுத்த லயத்தில் படுத்துறங்கியவர்கள். விருந்தினருக்கு அந்தத் தேர்வு இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும்.

பார்க்க வேண்டியவை சில. கூடாரத்துக்குப் பின்னால் பொக்லைன் வெட்டிய செங்குத்து மண்சுவர் இருக்கிறதா? கூடாரம் நிற்கும் மேடை இயற்கையானதா, வெட்டிய மண்ணைக் கொட்டி நிரப்பியதா? நிரப்பிய மண் மழையில் ஊறினால் முதலில் நகரும். மேலே தோண்டிய குளமோ தண்ணீர்த் தொட்டியோ இருக்கிறதா? மழைநீர் ஓடும் சிறு பள்ளத்தின் குறுக்கே கூடாரம் இருக்கிறதா? வானிலை மையத்தின் வண்ணக் கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது. 24 மணி நேரத்தில் மழை 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் மஞ்சள், 115.6-க்கு மேல் ஆரஞ்சு, 204.4-ஐத் தாண்டினால் சிவப்பு. ஆரஞ்சு அறிவித்த நாளில் முன்பணம் போனாலும் போகட்டும் என்று பயணத்தைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம். அத்தகைய நாட்களில் மாவட்ட நிர்வாகமே இரவுப் பயணத்தையும் மலையேற்றத்தையும் தடைசெய்வது வழக்கம்.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராமக்கல்மேட்டிலும் சதுரங்கப்பாறையிலும் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. பள்ளத்தாக்குக்கும் மலைக்கும் இடையிலான அந்த விளிம்பில் காற்று ஓய்வதே அரிது. விலை மலிந்த குமிழ்க் கூடாரங்களின் கண்ணாடியிழைக் கம்பிகள் அந்தக் காற்றில் வளைந்து ஒடியும். அங்கே தங்குவதானால் விளிம்பிலிருந்து பின்வாங்கி, மேட்டின் மறைவில் இருக்கும் முகாமைத் தேர வேண்டும். வாசல் காற்றுக்கு முதுகு காட்டியபடி இருக்க வேண்டும். குளிருக்குப் பயந்து கூடாரத்தின் காற்றுத் துவாரங்களை அடைத்தால் மூச்சுக் காற்றின் ஈரமே உள்துணியில் சொட்டும். அதைவிட மோசம், அடுப்புக்கரித் தணலை உள்ளே வைப்பது. மூடிய இடத்தில் கரிப்புகை ஓசையின்றிக் கொல்லும். மலையூர் விடுதிகளில் அப்படி இறந்தவர்களைப் பற்றி ஆண்டுதோறும் செய்தி வருகிறது.

சின்னச் சின்னத் தொல்லைகளும் உண்டு. மழைக்காலத்தில் அட்டை, உப்புக்கோ புகையிலைத் தண்ணீருக்கோ விலகிவிடும். ஏலக்காட்டில் மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறிய குழிவிரியன் வகை ஒன்று சருகுக்கடியில் கிடக்கும். நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து நான்கு முக்கியப் பாம்புகளுக்காகத் தயாரானது. இந்த விரியனுக்கு அது வேலை செய்வதில்லை. ஆகவே இருட்டில் வெறும் செருப்போடு சருகில் நடக்காமல் இருப்பதே மருந்து. நெடுங்கண்டத்திலும் அடிமாலியிலும் தாலுகா மருத்துவமனைகள் இருக்கின்றன. தங்கும் இடத்திலிருந்து அங்கே போக எவ்வளவு நேரம், இரவில் ஜீப் நிற்குமா என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

பட்டாவும் அனுமதியும்

விருந்தினருக்கு நிலச்சட்டம் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. உடும்பஞ்சோலையின் ஏலமலைக் காப்புநிலம் 1897-இல் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட அறிவிக்கையிலிருந்து இன்றுவரை வழக்கில் இருக்கிறது. அதன் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பதே தீராத சர்ச்சை. நிலம் வருவாய்த் துறைக்கு, மரம் வனத்துறைக்கு என்று இரட்டைக் கட்டுப்பாடு. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கே புதிய பட்டா வழங்கக் கூடாது என்று இடைக்காலத் தடை விதித்தது. விவசாயத்துக்குக் கொடுத்த பட்டா நிலத்தில் மற்றக் கட்டடங்கள் கட்டியதை ஒழுங்குபடுத்த கேரளச் சட்டமன்றம் 2023-இல் நில ஒப்படைப்புச் சட்டத்தைத் திருத்தியது. தோட்ட நிலத்தில் 5 சதவீதம் வரை சுற்றுலா உள்ளிட்ட வேறு பயன்பாட்டுக்கு 2012 முதல் இடமுண்டு.

இத்தனை முடிச்சுகளுக்கு நடுவே கூடாரம் ஒரு குறுக்கு வழியாகத் தோன்றுகிறது. கட்டடம் கட்ட ஆயிரம் அனுமதி வேண்டும். கூடாரத்துக்கு அஸ்திவாரமே கிடையாதே! அந்த எண்ணத்தில் பிறந்த முகாம்களுக்கு எந்த அலுவலகத்திலும் பதிவு இருக்காது. பதிவு இல்லாத இடத்தில் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்று மீட்புப் படைக்குத் தெரியாது. சட்டப் பிரச்சினை பாதுகாப்புப் பிரச்சினையாக மாறுவது இங்கேதான். பஞ்சாயத்து உரிமம், சுற்றுலாப் பதிவு, அடையாள அட்டை வாங்கிப் பெயர் எழுதும் பதிவேடு ஆகிய மூன்றையும் வைத்திருப்பவர், ஏதாவது நடந்தால் ஓடி ஒளிய முடியாத இடத்தில் தன்னை நிறுத்திக்கொண்டிருக்கிறார்.

எதை அனுபவிப்பது

ஆபத்துகளின் பட்டியல் நீண்டுவிட்டது. ஆனால் சரியான இடத்தில் படுத்தவருக்குத்தான் இந்த மலை தன்னைக் காட்டும் என்பதும் உண்மை. அதிகச் சத்தம் போடும் முகாமில் அது காட்டாது. ஒலிபெருக்கியை நிறுத்தி அரைமணி நேரம் ஆன பிறகுதான் மழைக்கால இரவின் மரத்தவளைகள் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கும். பக்கிக் குருவி ஒரே சுருதியில் கூப்பிடும். விடியலுக்கு முன் ஓடைப் பக்கமிருந்து சீகாரப் பூங்குருவி சீட்டியடிக்கும். சின்னப் பையன் ஒருவன் பாதி மறந்த பாட்டை யோசித்து யோசித்துச் சீட்டியடிப்பது போலிருக்கும். வெயில் ஏறினால் சோலை விளிம்பில் கருமந்திகளின் கனைப்பு, உச்சிக்கிளையில் மலையணில்.

கூட்டம் சூரிய உதயத்துக்கு ஓடுகிறது. ராமக்கல்மேட்டில் இரவு எட்டு மணியும் பார்க்கத் தகுந்தது. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் விளக்குகள் காலடியில் கொட்டிக் கிடக்கும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை குறிஞ்சி பூக்கும் ஆண்டா என்று விசாரிப்பதும் நல்லது. சாந்தன்பாறையின் கள்ளிப்பாறைக் குன்றில் 2022-இல் நீலக்குறிஞ்சி பூத்தபோது ஊரே திரண்டது. எரவிகுளத்துக் குறிஞ்சி 2018-இல் பூத்தது. கணக்குப்படி அடுத்தது 2030.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவது ஏலக்காயை உலர்த்தும் ஸ்டோர். தோட்டத்தில் தங்குபவர்கள் நடத்துநரிடம் கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள். பகலில் பறித்த பச்சைக் காயைக் கழுவி, கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, மூடிய அறைக்குள் அடுக்குவார்கள். பக்கத்தில் விறகடுப்பு, அதன் சூடு குழாய் வழியாக அறைக்குள் ஏறும். ஓர் ஈடு உலர ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். சூடு கூடினால் காயின் பச்சை நிறம் வெளுத்து, போடியிலோ புத்தடியிலோ ஏலத்தில் விலை இறங்கிவிடும். குறைந்தால் பூஞ்சை. ஆகவே ஸ்டோர்க்காரர் இரவு முழுதும் எழுந்து எழுந்து விறகை இழுப்பதும் தள்ளுவதுமாக இருப்பார். கதவைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும் அந்த மணத்தை எந்தப் பாயசத்திலும் முகர முடியாது. பருவம் நடக்கும்போது ஸ்டோருக்குப் பக்கத்தில் இருக்கும் முகாமுக்கு இன்னொரு லாபமும் உண்டு: அங்கே இரவெல்லாம் ஒருவர் விழித்திருக்கிறார், நாய் குரைத்தால் அவருக்குக் காரணம் தெரியும்.

சாப்பாட்டிலும் உள்ளூரை நாடலாம். தொகுப்பில் வரும் பார்பிக்யூ கோழியைவிட, கப்பையும் மீன்குழம்பும், காலையில் கஞ்சியும் பயறும், கட்டன் சாயாவும் இந்தக் குளிருக்கு ஒத்துப்போகும். அவற்றைச் சமைப்பவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டு அம்மாவாக இருப்பார். உங்கள் பணம் அங்கேயே தங்கும்.

விலை ஒரு தடையா?

எதிர்வாதம் ஒன்று நியாயமானது. வனத்துறை முகாம்களில் இடம் கிடைப்பது அரிது. கட்டணமும் கல்லூரி மாணவருக்கு எட்டுவதில்லை. ‘டிரெக் தமிழ்நாடு’ கட்டணங்கள் குறித்தும் இதே முணுமுணுப்பு இருக்கிறது. சட்டபூர்வமான காடு பணக்காரருக்கு, சட்டத்துக்குப் புறம்பான காடு மற்றவருக்கு என்று ஆகிவிட்டால் குரங்கணி போன்ற விபத்துகள் குறையாது. மறைவாக நடக்கும், அவ்வளவுதான். வாட்சர், வழிகாட்டி, வேலி, பதிவு எல்லாவற்றுக்கும் செலவு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் மாணவர் குழுக்களுக்குச் சலுகைக் கட்டணமும், வாரநாட்களில் குறைந்த கட்டணமும் வைக்கத் தடை எதுவும் இல்லை. அரசு முகாம்களின் எண்ணிக்கையைக் காட்டுக்கு வெளியே, கைவிடப்பட்ட தோட்ட நிலங்களில் கூட்டவும் இடமிருக்கிறது.

தனியார் முகாம்களை ஒட்டுமொத்தமாகத் தடைசெய்வது எளிதான கோரிக்கை. அது ஜீப் ஓட்டுநரையும், ஏலவிலை விழுந்த ஆண்டில் இரண்டு கூடாரம் போட்டுக் கடனை அடைக்கும் சிறு விவசாயியையும்தான் முதலில் அடிக்கும். பெரிய ரிசார்ட் வேறு வழி கண்டுகொள்ளும். தேவை தடை அல்ல, கணக்கு. எந்தச் சர்வே எண்ணில், எத்தனை கூடாரம், எத்தனை பேர், இரவுக் காவலுக்கு யார் என்ற பட்டியல் பஞ்சாயத்திலும் வனச்சரகத்திலும் காவல் நிலையத்திலும் இருக்க வேண்டும். கொழுக்குமலை போன்ற எல்லை நிலத்துக்கு அந்தப் பட்டியலைத் தேனி, இடுக்கி இரு மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து வைத்திருக்க வேண்டும். போடிமெட்டிலும் கம்பம்மெட்டிலும் சோதனைச் சாவடிகள் ஏற்கெனவே இருக்கின்றன. பதிவு பெற்ற முகாம்களின் பெயரை அங்கே ஒரு பலகையில் எழுதி வைக்கப் பெரிய செலவாகாது.

அதற்கு மேல் செய்ய வேண்டியது ஒன்று, அதுதான் முக்கியம். இருபது விருந்தினருக்கு இத்தனை இரவுக் காவலர் என்று உரிமத்தில் எண்ணைக் குறிப்பிட்டு, அந்த வேலைக்கு யானையின் நடமாட்டம் அறிந்த உள்ளூர்த் தோட்டத் தொழிலாளரையும் முதுவர், மன்னான் சமூகத்தினரையும் பயிற்சி கொடுத்து நியமிக்க வேண்டும். தேக்கடியில் காட்டுத் திருடர்களைக் காவலர்களாக்கிக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. உடும்பஞ்சோலையில் திருத்த வேண்டிய திருடர்கள்கூட இல்லை. தலைமுறையாக இந்த மலையில் இரவில் நடந்து பழகிய மனிதர்கள் நாள்கூலிக்குக் காத்திருக்கிறார்கள். கூடாரத்துக்கு நாம் கொடுக்கும் பணத்தில் முதல் பங்கு அவர்களுக்குப் போகட்டும். பிறகு காட்சியைப் பற்றிப் பேசலாம்.